செடித் தொட்டியில் வாரம் பாதித் தண்ணீரை மாற்றத்தான் வேண்டுமா?

தெளிநீர்:
என்னுடையது 100 லிட்டர் செடித் தொட்டி. மிதமான விளக்கு, அனுபியாஸ், ஜாவா ஃபெர்ன், கிரிப்டோகோரைன் ஆகிய செடிகள், 12 சிறு மீன்கள். கார்பன் டை ஆக்சைடு செலுத்துவதில்லை. வாரந்தோறும் பாதித் தண்ணீரை மாற்ற வேண்டும் என்று எங்கோ படித்துவிட்டு எட்டு மாதங்களாக அதைத் தவறாமல் செய்துவந்தேன். அண்மையில் ஐந்து வாரம் வெளியூரில் இருக்க நேர்ந்தது. ஆவியாகிக் குறைந்த அளவுக்கு மட்டும் வீட்டார் குழாய்த் தண்ணீர் ஊற்றியிருக்கிறார்கள். திரும்பிவந்து பார்த்தால் தொட்டி முன்பைவிட நன்றாக இருக்கிறது. அப்படியானால் நான் சுமந்த வாளிகள் எல்லாம் வீண்தானா?

வேர்ப்பிடிப்பு:
பெரும்பகுதி வீண்தான். வாரம் 50 சதவீதம் என்ற விதி, டாம் பார் பரப்பிய எஸ்டிமேட்டிவ் இண்டெக்ஸ் என்ற உர முறையோடு சேர்ந்தது. பலத்த விளக்கும் கார்பன் டை ஆக்சைடும் கொடுத்து, செடி எந்த உரத்துக்கும் ஏங்காதபடி தேவைக்கு மேலேயே ஊற்றிவிட்டு, வார இறுதியில் மிச்சத்தைக் கழித்துவிடுவது அந்த முறை. உரமே அதிகம் ஊற்றாத தொட்டிக்கு அந்த விதியைக் கொண்டுவருவது, வராத காய்ச்சலுக்கு மருந்து குடிப்பது போலத்தான். டயானா வால்ஸ்டாட்டின் மண் தொட்டி முறையில் (அடியில் மண் பரப்பிச் செடி வளர்ப்பது) மாதக்கணக்கில் தண்ணீர் மாற்றாமல் இருப்பவர்கள் உண்டு. மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியத்தைப் பல நீர்ச்செடிகள் நைட்ரேட்டை விட விரும்பி உறிஞ்சுவதால், அங்கே செடிகளே துப்புரவு வேலையின் பெரும்பகுதியைப் பார்த்துக்கொள்கின்றன.

வாளிக்காரன்:
வேர்ப்பிடிப்பு சொல்லும் வரலாறு சரி. முடிவுதான் எனக்கு ஒப்பவில்லை. தொட்டி "நன்றாக இருக்கிறது" என்பதைக் கண்ணை மட்டும் நம்பிச் சொல்லிவிட முடியாது. நைட்ரேட்டாகும் ஒவ்வொரு துளி அம்மோனியாவும் தண்ணீரின் கார்பனேட் கடினத்தன்மையை, அதாவது கேஎச்சை, கொஞ்சம் தின்றுவிடுகிறது. அது தீர்ந்தால் பிஎச் சரியும். பிஎச் 6-ஐ நெருங்கும்போது நைட்ரேட்டாக்கும் பாக்டீரியாக்களின் வேலை வெகுவாக மந்தமாகும்.

இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். ஓராண்டுக்கும் மேலாகத் தண்ணீரே மாற்றாமல் "இயற்கைத் தொட்டி" என்று பெருமையடித்துக்கொண்டிருந்த நான், விருந்தினர் வருகிறார்கள் என்று ஒரு நாள் மாலை முக்கால் பங்கு தண்ணீரை மாற்றினேன். இரவுக்குள் நியான் டெட்ராக்கள் மேற்பரப்பில் வாயைப் பிளந்துகொண்டு நின்றன. விடிந்தபோது ஏழு செத்துக் கிடந்தன. பழைய அமிலத் தண்ணீரில் அதிகம் கெடுதல் செய்யாத அம்மோனியமாகத் தேங்கியிருந்தது, காரத்தன்மையுள்ள புதுத் தண்ணீர் பட்டதும் நச்சு அம்மோனியாவாக மாறிவிட்டது. பிஎச் ஒரு புள்ளி ஏறினாலே அந்த நச்சுப் பங்கு ஏறத்தாழ 10 மடங்காகும்.

வேர்ப்பிடிப்பு:
வருந்துகிறேன். ஆனால் அந்த மீன்களைக் கொன்றது ஓராண்டுச் சோம்பல் மட்டுமன்று, ஒரே மாலையில் மாற்றிய முக்கால் பங்கும்தான். நாளுக்கு 10 சதவீதமாக மாற்றிவந்திருந்தால் அவை பிழைத்திருக்கக்கூடும். உங்கள் அனுபவம் பெரிய மாற்றத்துக்கு எதிரான சாட்சி; அடிக்கடி மாற்ற வேண்டும் என்பதற்கு அது சாட்சியாகாது. குழாய்த் தண்ணீரில் கேஎச் தாராளமாக இருந்தால் அந்தச் சேமிப்பு பல மாதங்கள் தாங்கும்.

வாளிக்காரன்:
தாங்குமா என்பதை அளந்தவர்தான் சொல்ல முடியும். இன்னொரு கணக்கு. வாரம் 10 பிபிஎம் (லிட்டருக்கு 10 மில்லிகிராம்) நைட்ரேட் சேர்கிறது, செடி எதையும் எடுக்கவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். வாரம் பாதி மாற்றினால் அது 20-ஐத் தாண்டாது. கால் பங்கு மாற்றினால் 40 வரை, 10 சதவீதம் மாற்றினால் 100 வரை போகும். தெளிநீர், செடி எவ்வளவு எடுக்கிறது என்று தெரிய வேண்டுமானால், மாற்றுவதற்கு முன் அளந்து பாருங்கள்.

தெளிநீர்:
இன்று காலை அளந்தேன். நைட்ரேட் 10. கேஎச் குழாயில் 5, தொட்டியில் 4. டிடிஎஸ், அதாவது கரைந்த உப்புகளின் அளவு, குழாயில் 180 பிபிஎம், தொட்டியில் 260. கிளம்பும் முன் அது 205 ஆக இருந்தது. வாரம் ஆறு லிட்டர் வீதம் ஊற்றினார்களாம்.

வேர்ப்பிடிப்பு:
நைட்ரேட்டும் கேஎச்சும் என் பக்கம். டிடிஎஸ் ஏறியதற்குக் காரணம் ஆவியாதல்தான்: 30 லிட்டர் நீர் பறந்துவிட்டது, அதிலிருந்த உப்பு பறக்கவில்லை. கணக்குப் போட்டால் 54 வருகிறது, நீங்கள் அளந்த ஏற்றம் 55. இனி ஆவியாவதை ஈடுகட்ட, உப்பு நீக்கிய ஆர்ஓ தண்ணீரை ஊற்றுங்கள். மூன்று வாரத்துக்கு ஒருமுறை கால் பங்கு மாற்றினால் போதும்.

வாளிக்காரன்:
இந்த எண்களைப் பார்த்தபின் பாதித் தண்ணீரை நானும் வற்புறுத்தமாட்டேன். இருந்தாலும் மூன்று வாரம் எனக்கு நீளம். கிரிப்டோகோரைன் வேரடியில் சேரும் வண்டலைச் சைஃபன் வைத்து எடுக்கும் சாக்கிலாவது இரு வாரத்துக்கு ஒருமுறை 20 லிட்டர் மாற்றுவேன். பில்டர் ஸ்பாஞ்சை அந்தக் கழிவு நீரிலேயே அலசுங்கள், குழாயடியில் பிடிக்காதீர்கள். உங்கள் குழாயில் வருவது குளோராமின் (குளோரினும் அம்மோனியாவும் சேர்ந்த கிருமிநாசினி) என்றால், ஒரு நாள் திறந்துவைத்தாலும் போகாது. குளோரின் நீக்கி கட்டாயம்.

தெளிநீர்:
இரு வாரத்துக்கு 20 லிட்டர் என்று தொடங்குகிறேன். முதல் வாளி நாளை. இரண்டு மாதம் கழித்துக் கேஎச் 4-லேயே நின்றால் மூன்று வாரமாக நீட்டிப் பார்க்கிறேன்.