வகுப்பில் ரொபோ, வீட்டில் பிள்ளை: உங்கள் அனுபவங்களைச் சொல்லுங்கள்

ஒஸ்லோ அம்மா:

என் மகளுக்கு எட்டாம் வகுப்பில் எம்.ஈ. எனப்படும் நாட்பட்ட களைப்பு நோய் வந்தது. ஒருநாள் கொஞ்சம் கூடுதலாகக் கதைத்துவிட்டால் மறுநாள் எழும்ப ஏலாது. இதைச் சொந்தக்காரருக்கு விளங்கப்படுத்துவதே ஒரு வேலை. "பிள்ளைக்குப் பஞ்சி" என்று சொல்லிவிட்டுப் போனவர்களும் உண்டு.

பள்ளிக்கூடம் முதலில் மடிக்கணினி வழியாக வகுப்பைக் காட்டிப் பார்த்தது. கொஞ்ச நாளிலேயே மாட்டேன் என்றுவிட்டாள். தலை வாராமல் படுக்கையில் கிடக்கிற தன் முகத்தை வகுப்பு முழுக்கப் பார்ப்பது அவளுக்குப் பிடிக்கவில்லை. பதின்மூன்று வயதுப் பிள்ளை, வேறென்ன செய்வாள்?

அதற்குப் பிறகுதான் ஏவி1 வந்தது. இங்கே ஒஸ்லோவிலேயே 2015இல் தொடங்கிய நோ ஐசொலேஷன் என்ற நிறுவனம் செய்கிற சின்ன வெள்ளை ரொபோ. ஒரு அடிக்கும் குறைந்த உயரம், தலையும் தோளும் மட்டும், ஓடுவதற்குச் சில்லு கிடையாது. மகள் டேப்லெட்டில் விரலை இழுத்தால் அது தலையைத் திருப்பும். வகுப்பு அவளுக்குத் தெரியும், கேட்கும். அவள் கதைத்தால் ரொபோவின் ஒலிபெருக்கியில் வரும். ஆனால் அவள் முகம் அங்கே யாருக்கும் தெரியாது. கை உயர்த்த நினைத்தால் ரொபோவின் தலையில் வெள்ளை விளக்கு மின்னும். "இன்றைக்கு என்னைக் கேள்வி கேட்காதீர்கள், சும்மா இருந்து பார்க்கிறேன்" என்பதற்கு நீல விளக்கு.

அந்த நீல விளக்கை அவள் தாராளமாகப் பாவித்தாள். கணக்குப் பாடத்தில் பாதி நாள் நீலம், சில நாள் வரவே மாட்டாள். சாப்பாட்டு நேரத்துக்கு மட்டும் தவறமாட்டாள். இங்கே பிள்ளைகள் வீட்டிலிருந்து கொண்டுவரும் பாணை வகுப்பிலேயே இருந்து சாப்பிடுவார்கள். தோழிகள் ரொபோவை நடுவில் வைத்துக்கொண்டு ஊர்க்கதை எல்லாம் கதைப்பார்கள். இருக்கிற கொஞ்சத் தெம்பை அரட்டைக்குச் செலவழிக்கிறாளே என்று ஒரு ரீச்சர் குறைப்பட்டார். எனக்கு அதில் ஒரு குறையும் தெரியவில்லை. பாடத்தைப் புத்தகத்தில் பிறகு பிடிக்கலாம், நேற்றுச் சிரித்த சிரிப்பைப் பிறகு பிடிக்க முடியாது.

மற்றப் பெற்றோர் சிலருக்குப் பயம், தங்கள் பிள்ளைகளைப் படம் பிடித்துவிடும் என்று. அது எதையும் பதிவு செய்வதில்லை என்று கூட்டம் வைத்துச் சொல்ல வேண்டியிருந்தது. பெற்றோர் பின்னால் நின்று வகுப்பைப் பார்க்கக் கூடாது என்பதும் விதி. தேத்தண்ணீரோடு கதவடியில் நின்றாலே என்னைத் துரத்திவிடுவாள்.

சென்னை ஆய்வு மாணவன்:

அக்கா, எனக்கு நேர் எதிர். நான் என் முகம் தெரிய வேண்டும் என்று நினைத்தவன்.

விசா தாமதமானதால் அமெரிக்கப் பல்கலைக்கழக வகுப்பு ஒன்றில் ஒரு செமஸ்டர் சென்னையிலிருந்தே கலந்துகொண்டேன். அங்கே மாலை 5 மணி என்றால் எனக்கு அதிகாலை 2.30. முதலில் பெரிய திரையில் எங்கள் முகங்களைக் கட்டம் கட்டமாகப் போட்டார்கள். பேராசிரியர் எல்லாம் முடிந்த பிறகுதான் "ஆன்லைனில் யாராவது?" என்பார்.

அப்புறம் இரண்டு வகை ரோபோ வந்தது. டபுள் என்பது ஒரு கம்பத்தின் உச்சியில் ஐபேட், கீழே இரண்டு சக்கரம், இங்கிருந்தே ஓட்டலாம். குபி என்பது மேசையில் வைக்கும் தாங்கி, டேப்லெட்டை இப்படி அப்படித் திருப்பும், அவ்வளவுதான். எல்லோருக்கும் டபுள் மீதுதான் ஆசை. ஓட்டிப் பார்த்தால்தான் தெரியும். அதற்குக் கதவைத் திறக்கத் தெரியாது, லிஃப்ட் பொத்தானை அழுத்தத் தெரியாது. தாழ்வாரத்தில் வைஃபை தடுமாறினால் படம் உறைந்துவிடும், நாம் நிறுத்தியதாக நினைத்த இடத்தைத் தாண்டிப் போய் யாருடைய பையிலாவது முட்டும். விவாத வகுப்புக்குக் குபியே போதும். பேசுகிறவர் பக்கம் நான் திரும்பினால் அவர் என்னைப் பார்த்துப் பேசுவார். ஒரே தொல்லை, இரண்டு மூன்று பேர் குபியில் வந்தால் ஒருவர் குரல் அடுத்தவர் மைக்கில் புகுந்து எதிரொலிக்கும்.

தோக்கியோவாசி:

முகம் காட்டாத ரோபோ என்றதும் இங்குள்ள ஒரிஹிமே என்ற ரோபோ ஞாபகம் வந்தது. அதிலும் திரை கிடையாது. ஜப்பானிய நோ நாடக முகமூடியைப் போன்ற முகம், பார்ப்பவர் தானே பாவனையை நினைத்துக்கொள்ளலாம். உருவாக்கிய யோஷிஃபுஜி சிறுவயதில் மூன்றரை ஆண்டு பள்ளிக்கே போகாதவர். 2021இல் தோக்கியோவின் நிஹோன்பாஷியில் திறந்த டான் என்ற காபிக்கடையில், வீட்டை விட்டு வெளியே வர முடியாதவர்கள் இந்த ரோபோ வழியாகப் பரிமாறுகிறார்கள். நான் போனபோது என் மேசையில் பேசியவரிடம் அரை மணி நேரம் கதை அளந்தேன். முகம் தெரியவில்லை என்பது இரண்டாவது நிமிடமே மறந்துபோயிற்று.

கல்லூரி ஆசிரியர், கோவை:

கண்ணை மூடும் ஹெட்செட்டுக்குள் ஓர் உலகத்தையே காட்டும் விஆர் (மெய்நிகர் தொழில்நுட்பம்) பற்றி யாரும் சொல்லவில்லையே. ஸ்டான்ஃபோர்டில் பேராசிரியர் ஜெரமி பெய்லன்சன் 2021இல் ஒரு வகுப்பையே விஆரில் நடத்தினார். மாணவர்கள் வீட்டில் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு அதற்குள் கூடினார்கள். அங்கே எல்லோரும் உள்ளே இருந்ததால் சிக்கலில்லை. பாதிப்பேர் வகுப்பிலும் பாதிப்பேர் ஹெட்செட்டிலும் என்றால் கதை வேறு.

நாங்கள் ஆய்வகத்தில், சுற்றிலும் எல்லாப் பக்கமும் காட்டும் 360 டிகிரி கேமரா வைத்துப் பார்த்தோம். உற்சாகத்தில் ஒரு பையன் கேமராவைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்தான். வீட்டிலிருந்து ஹெட்செட்டில் பார்த்த மூன்று பேருக்குக் குமட்டல். கண் நடக்கிறது, காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்போ உட்கார்ந்திருக்கிறேன் என்கிறது, பிறகு குமட்டாமல் என்ன செய்யும்? கேமராவை உட்கார்ந்தவரின் கண் உயரத்தில் ஸ்டாண்டில் நிறுத்தி, நேரத்தையும் குறைத்த பிறகு சரியானது. செய்முறை வகுப்புக்கு நல்லது. சாதாரண விரிவுரைக்கு இது வீண் செலவு என்பது என் கருத்து.

ஒஸ்லோ அம்மா:

ரொபோவை யார் பார்த்துக்கொள்வார்கள் என்று ஒருவர் தனிச்செய்தியில் கேட்டிருந்தார். வாரத்துக்கு இரண்டு பிள்ளைகள் முறை வைத்து எடுத்தார்கள். சார்ஜ் போடுவது, வகுப்பு மாறும்போது தூக்கிப் போவது, மகளுக்குப் பலகை தெரிகிறதா என்று கேட்பது எல்லாம் அவர்கள்தான். வகுப்பு ரீச்சர் லீவு எடுத்த ஒருநாள், பதிலுக்கு வந்தவருக்கு யாரும் சொல்லவில்லை. அன்று முழுக்க ரொபோ அலுமாரிக்குள். மகள் காலையில் இருட்டைப் பார்த்துவிட்டு டேப்லெட்டை மூடிவிட்டாள். அதன் பிறகு ரீச்சரின் மேசையில் ஒரு குறிப்பு ஒட்டினார்கள்.

செலவு பற்றியும் கேட்டிருந்தார். எங்களுக்குப் பள்ளிக்கூடமே எடுத்துத் தந்தது. நீங்களாக வாங்குவதென்றாலும் முதலில் வகுப்பு ரீச்சரோடு கதையுங்கள். அவருக்கு மனமில்லாவிட்டால் அது அலுமாரியில்தான் இருக்கும்.