தலையணை வாங்கினால்கூட மனசு உறுத்துகிறது: கல்விக்கடன் கட்டுபவர்கள் எப்படிச் செலவு செய்கிறீர்கள்?

அரைத்தூக்கம்:

வணக்கம் நண்பர்களே. தலைப்பைப் பார்த்துச் சிரிக்க வேண்டாம், நிஜமாகத்தான் கேட்கிறேன்.

விடுதியில் சேர்ந்த அன்று வாங்கிய தலையணை ஒன்று என்னிடம் இருந்தது. படிப்பு முடிந்து, வேலை கிடைத்து, இரண்டு வீடு மாறியும் கூடவே வந்தது. பஞ்செல்லாம் ஓரத்துக்கு ஒதுங்கி, நடுவில் வெறும் துணிதான். இரண்டாக மடித்து, அடியில் ஒரு போர்வையைச் சுருட்டி வைத்துப் படுப்பேன். காலையில் கழுத்து இடது பக்கம் திரும்பாது.

போன மாதம் கடைக்குப் போனேன். ஒரு தலையணையை எடுத்து உள்ளங்கையால் அழுத்திப் பார்த்தேன், வைத்துவிட்டு வந்துவிட்டேன். மறுபடி போனேன், மறுபடி வந்தேன். மூன்றாவது தடவை வாங்கிவிட்டேன். ஆனால் வீட்டுக்கு வந்து பிளாஸ்டிக் உறையைப் பிரிக்கவில்லை. எப்போது வேண்டுமானாலும் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்று ரசீதை அதன் மேலேயே வைத்தேன். ஒன்பது நாளாக அது நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறது. நான் இன்னும் பழையதில்தான் படுக்கிறேன்.

எல்லாம் ஒரு கெட்ட பழக்கத்தால் வந்தது. என் கடனுக்கு ஒரு நாளைக்கு எவ்வளவு வட்டி ஏறுகிறது என்று ஒரு தடவை கணக்குப் போட்டுப் பார்த்தேன். அன்றிலிருந்து எந்தப் பொருளைப் பார்த்தாலும் விலை கண்ணில் படுவதில்லை, நாள்தான் படுகிறது. தலையணை ஐந்து நாள் வட்டி. முடி வெட்டினால் ஒன்றரை நாள். குடை இரண்டு நாள், சரி, மழை விடும்வரை நிற்கலாம்.

இதில் வெட்கக்கேடு என்னவென்றால், அதே மாதம் இரவு ஒன்றரை மணிக்குத் தூக்கம் வராமல் போனை நோண்டிக்கொண்டிருந்தவள், கடன் அட்டையில் ஹெட்ஃபோன் ஒன்றை ஆர்டர் செய்துவிட்டேன். 46 நாள் வட்டி. அப்போது கை நடுங்கவில்லை, ஒன்றும் ஆகவில்லை. மறுநாள் காலையில்தான் அழுகை வந்தது.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். கடனில் அப்பா இணைக் கடனாளி, அதாவது அவரும் சேர்ந்து கையெழுத்துப் போட்டவர். தவணை பிடித்ததும் அவர் போனுக்கும் குறுஞ்செய்தி போகும். ஐந்தாம் தேதி சாயங்காலம் கூப்பிடுவார். "போயிடுச்சும்மா, மெசேஜ் வந்துச்சு" என்பார். அவ்வளவுதான், வேறு எதுவும் கேட்க மாட்டார். அன்று புதுச் செருப்பு போட்டிருந்தால் போனிலேயே அது அவருக்குத் தெரிந்துவிடும் போல இருக்கும்.

28 தவணை கட்டியாயிற்று, பாக்கி 92. வட்டி 10 சதவீதம். இன்னும் ஏழரை வருடத்துக்கு மேல் இப்படியே இருக்க முடியாது. நீங்களெல்லாம் எப்படிச் சமாளிக்கிறீர்கள்?

கணக்குப்பிள்ளை:

கணக்கிலிருந்து ஆரம்பிக்கிறேன், எனக்கு அதுதான் வரும். 10 சதவீத வட்டி, 120 தவணை என்றால் முதல் தவணையில் ஏறக்குறைய 63 சதவீதம் வட்டிக்கே போய்விடும். 28 தவணையில் நீங்கள் கட்டிய மொத்தத் தொகை ஆரம்பக் கடனில் 37 சதவீதம் இருக்கும், ஆனால் அசலில் குறைந்திருப்பது 15 சதவீதம்தான். இவ்வளவு கட்டியும் ஒன்றுமே குறையவில்லையே என்று தோன்றினால் அது உங்கள் மனப்பிரமை இல்லை. குறைந்தது அவ்வளவுதான்.

ஆனால் இந்த விகிதம் மாதாமாதம் உங்கள் பக்கம் சாயும். 38-வது தவணையில் அசலுக்குப் போவது வட்டியை முந்தும். 75-வது தவணையோடு பாதி அசல் முடிந்திருக்கும். பாதிக் காலத்தில் பாதிக் கடன் முடியாது, அதை மட்டும் எதிர்பார்க்காதீர்கள். எல்லாரும் அங்கேதான் மனம் உடைகிறார்கள்.

உங்கள் 'வட்டி நாள்' கணக்கு கணிதப்படி சரி. நடைமுறைக்குத்தான் உதவாது. தலையணை வாங்காமல் விட்ட அந்தப் பணத்தை அன்றே கடனில் கொண்டுபோய்க் கட்டினீர்களா? கட்டியிருக்க மாட்டீர்கள். அது கணக்கில் கிடந்து ஹெட்ஃபோனாக மாறியிருக்கும்.

நான் செய்தது இது. சம்பளம் வரும் நாளுக்கு மறுநாளே தவணை போகும்படி தேதியை மாற்றிக் கேட்டேன். வாடகை, வீட்டுக்கு அனுப்புவது எல்லாம் அதே நாளில் போய்விடும். மிச்சத்தில் ஒரு பகுதியை வேறொரு கணக்குக்கு மாற்றிவிடுவேன். அந்தக் கணக்கின் அட்டை மட்டும்தான் பர்ஸில் இருக்கும். அதிலிருந்து எடுப்பது எதுவாக இருந்தாலும் கடனுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. 2017-இல் பொருளாதாரத்துக்கு நோபல் வாங்கிய ரிச்சர்ட் தேலர், மனிதர்கள் மனசுக்குள் பணத்தைத் தனித்தனி டப்பாவில் போட்டு வைக்கிறார்கள் என்று நிறைய எழுதியிருக்கிறார். பொதுவாக அதை ஒரு குறையாகத்தான் சொல்வார்கள். நமக்கு அது கைகொடுக்கிறது என்றால் விடுவானேன்.

முள்வேலி:

கோபித்துக்கொள்ளாதீர்கள். தலையணை சரி. கடன் இருக்கும்போது ஹெட்ஃபோன் எதற்கு? அதுவும் கடன் அட்டையில்? அந்த அட்டைக்குக் கெடு தேதி தாண்டினால் வட்டி கல்விக்கடனைப் போலப் பல மடங்கு இருக்கும். குற்ற உணர்வு வரட்டும், நல்லதுதான். அது இருந்தால்தான் கை அடங்கும்.

கடைசித்தவணை:

முள்வேலி சொன்னதில் பாதியை ஒத்துக்கொள்கிறேன். அட்டைக் கடனை இந்த மாதமே முழுசாக முடித்துவிடு தங்கச்சி, குறைந்தபட்சத் தொகை கட்டித் தள்ளிப்போடாதே. ஆனால் குற்ற உணர்வு இருந்தால் கை அடங்கும் என்பது என் அனுபவத்தில் நடக்கவில்லை. தலையணைக்கு ஒன்பது நாள் அழுதவள்தான் இரவில் ஹெட்ஃபோன் வாங்கியிருக்கிறாள். ஒரு பக்கம் இழுத்துப் பிடித்தால் இன்னொரு பக்கம் பிய்த்துக்கொண்டு போகிறது. எனக்கும் அப்படித்தான். பேனா வாங்க யோசிப்பேன், யாராவது கைமாற்று கேட்டால் கண்ணை மூடிக்கொண்டு கொடுப்பேன்.

நான் கடனை முடித்து நான்கு வருடம் ஆகிறது. கடைசித் தவணை போன அன்று பெரிதாக ஏதோ நடக்கும் என்று காத்திருந்தேன். நிலுவை இல்லை என்ற சான்றிதழைக் கையில் வாங்கினேன், பையில் வைத்தேன், பஸ் ஏறினேன். அடுத்த வாரம் ஒரு கடையில் காலுறை வாங்க இருபது நிமிடம் நின்றேன். இரண்டு ஜோடியா, மூன்று ஜோடியா என்று. கடனே இல்லை, ஆனாலும் கால் நகரவில்லை. பக்கத்தில் துணி மடித்துக்கொண்டிருந்த பெண் "மூணும் எடுத்துக்கங்கக்கா" என்று சொல்லும்வரை அப்படியே நின்றேன்.

ஆகவே, கடன் முடிந்ததும் இந்த உறுத்தல் தானாகப் போய்விடும் என்று 92 தவணைக்குக் காத்திருக்காதே. இப்போதே கொஞ்சம் கொஞ்சமாகச் செலவு செய்து பழகு. எனக்குப் பயன்பட்டது ஒரு சின்ன ஏற்பாடு: தினம் உடம்பில் படுகிற பொருள் என்றால் யோசிக்காமல் வாங்குவேன். செருப்பு, தலையணை, கண்ணாடி. மற்றதை எழுதி வைத்து ஒரு வாரம் விடுவேன். இரவு பத்து மணிக்கு மேல் எதையும் வாங்க மாட்டேன்.

அப்பா விஷயத்துக்கு என்னிடம் பதில் இல்லை. என் அண்ணன்தான் எனக்குக் கையெழுத்துப் போட்டவன். இன்றுவரை அவனிடம் புதுப் பொருளைக் காட்டும்போது "தள்ளுபடியில் வந்தது" என்று சேர்த்துத்தான் சொல்கிறேன்.

ஓரத்துஇருக்கை:

ஒரு சின்னத் தகவல். பிரெலெக், லோவன்ஸ்டைன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1998-இல் எழுதிய கட்டுரை ஒன்று இதைத் தொடுகிறது. விடுமுறைப் பயணம் என்றால் ஜனங்கள் முன்னாலேயே பணம் கட்டிவிட விரும்புகிறார்களாம். துணி துவைக்கும் இயந்திரம் என்றால் தவணை பரவாயில்லை என்கிறார்களாம், ஏனென்றால் கட்டுகிற காலம் முழுக்க இயந்திரம் கண் முன்னால் ஓடிக்கொண்டிருக்கும். கல்விக்கடனை இதில் எங்கே வைப்பது? படிப்பு தினமும் சோறு போடுகிறது, ஆனால் கண்ணுக்குத் தெரிவதில்லை. தவணை மட்டும் தெரிகிறது. முடிந்துபோன சுற்றுலாவுக்கு இன்னும் பணம் கட்டுகிற மாதிரி இருக்கிறது.

அட்டையில் வாங்கும்போது வலிக்காததற்கும் அவர்கள் காரணம் சொல்கிறார்கள்: பொருள் இப்போது, பணம் பிறகு, இரண்டுக்கும் நடுவில் முடிச்சு தளர்ந்துவிடுகிறது. ஹெட்ஃபோனைக் கடையில் போய்ப் பணமாக எண்ணிக் கொடுத்து வாங்க வேண்டியிருந்தால் அன்று வாங்கியிருப்பீர்களா?

அரைத்தூக்கம்:

வாங்கியிருக்க மாட்டேன். ஒன்றரை மணிக்குக் கடையும் திறந்திருக்காது!

எல்லாருக்கும் நன்றி. முள்வேலி, கோபமில்லை. ஹெட்ஃபோன் உறை பிரிக்காமல்தான் இருந்தது, திருப்பி அனுப்பிவிட்டேன். தலையணை உறையை முந்தாநாள் பிரித்தேன். ஒரே புது பிளாஸ்டிக் வாசனை, முதல் இரவு அதனாலேயே தூங்கவில்லை. இரண்டாம் இரவு தூங்கினேன்.

தவணைத் தேதியை மாற்றக் கேட்டிருக்கிறேன். வருடாந்தர ஊக்கத்தொகை வரப்போகிறது. அதில் ஒரு தவணை அளவு கூடுதலாகக் கட்டலாம் என்று இருக்கிறேன். தவணையைக் குறைக்கவா, காலத்தைக் குறைக்கவா என்று வங்கியில் கேட்கிறார்கள். எதைச் சொல்ல?

கணக்குப்பிள்ளை:

சம்பளம் தவணையைத் தாங்குகிறது என்றால் காலத்தைக் குறைக்கச் சொல்லுங்கள். மொத்த வட்டி அதில்தான் அதிகம் மிச்சம். அசலில் கழிக்க வேண்டும் என்று எழுதிக் கொடுத்து, கழித்த பிறகு புதிய தவணை அட்டவணையைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். எனக்கு ஒரு தடவை அடுத்த மாதத் தவணைக்கான முன்பணமாக வரவு வைத்துவிட்டார்கள், சரிசெய்ய ஆறு வாரம் அலைந்தேன். வேலை நிலையில்லை என்றால் மட்டும் தவணையைக் குறையுங்கள்.

ஊக்கத்தொகை முழுவதையும் கட்டிவிடாதீர்கள். ஒரு குடைக்கு எடுத்து வையுங்கள்.