ஹோர்ட்டன் சமவெளிச் சுற்றுநடை: உங்கள் அனுபவங்கள்

மலைநடை

இலங்கையின் ஹோர்ட்டன் சமவெளியில் 'உலக முடிவு' என்கிற செங்குத்துப் பாறை விளிம்புக்குப் போய் வந்தவர்கள் இங்கே நிறையப் பேர் இருக்கிறீர்கள். அதனால் பாதையை விவரிக்கவில்லை. நான் சொல்ல வந்தது அங்கே பார்த்த ஒரு அம்மாவைப் பற்றி.

விளிம்புக்கு நாங்கள் போய்ச் சேர்ந்தபோது முழுக்க வெள்ளை. வந்தவர்கள் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு பேக்கர் நீர்வீழ்ச்சிப் பக்கம் நடையைக் கட்டினார்கள். அந்த அம்மா மட்டும் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுக் கல்லில் உட்கார்ந்திருந்தார். அறுபது தாண்டியிருக்கும். சட்டென்று மேகம் பிரிந்தது. 880 மீற்றர் அளவு கீழே நொன்பாரேல் தேயிலைத் தோட்டம், பச்சைப் பச்சையாக. அவர் எழும்பி என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அந்தா, தகரம் மினுங்குது பாருங்க தம்பி, அதான் நாங்க இருந்த லயம், தோட்டத்து வரிசை வீடு. கொழுந்து எடுக்கையில நிமிந்தா இந்தப் பாறைதான் தெரியும். மேல வந்தது இன்னைக்குத்தான்."

பேரன் மற்றவர்களோடு முன்னால் போய்விட்டிருந்தான். கூப்பிட்டார், ஓடி வந்தான். அதற்குள் மூடிவிட்டது. ஒன்றுமே தெரியாத அந்த வெள்ளைக்குள் விரலை நீட்டி, "இங்கதான்டா, நேரா கீழ" என்று அவனுக்குக் காட்டிக்கொண்டே இருந்தார். எங்கள் ஆட்கள் கூப்பிட, நான் நடந்துவிட்டேன். பிறகு திறந்ததா, அந்தப் பிள்ளை பார்த்தானா என்று இன்றுவரை மனசு கேட்கிறது.

வடக்கத்தையான்

எனக்கு மனசில நிக்கிறது மரை, சாம்பார் மான் எண்டு சொல்லுறது. வாகனம் விடுற இடத்தில நிக்குமே, கொம்பு வைச்ச பெரிய ஆண் மரை, அதுதான். ஒரு குடும்பம் பாண் துண்டு நீட்டினது. அது பாணை விட்டிட்டுப் பையைக் கவ்வீட்டுது. சொப்பின் பை, அந்தப் பிளாஸ்டிக் பை, பாதி வாய்க்குள்ள, பாதி வெளியில. இழுக்கவும் பயம், விடவும் ஏலாது. அது மென்று மென்று விழுங்கினதை எல்லாரும் பாத்துக்கொண்டு நிண்டனாங்கள்.

வாசலில தண்ணிப் போத்தலின்ர லேபிளைக்கூடக் கழட்டி வாங்கித்தானே உள்ள விடுகினம். அதுக்கு முதல், தரிப்பிடத்திலேயே இது நடக்குது. சாமுவேல் பேக்கர் 1848 தொடக்கம் நுவரெலியாவில இருந்துகொண்டு இந்த மலையெல்லாம் நாய்களோட மரை வேட்டையாடின ஆள். நீர்வீழ்ச்சிக்கு அவற்ர பேர். யானையும் இருந்த சமவெளி, இண்டைக்கு ஒண்டுகூட இல்லை. மிஞ்சின மரையைப் பாண் குடுத்துக் கெடுக்காதேங்கோ. கெஞ்சிக் கேக்கிறன்.

பிந்தி வந்தவள்

நாங்க போகும்போது பத்து மணி தாண்டிட்டுது. உலக முடிவும் இல்லை, வழியில இருக்கிற சின்ன உலக முடிவும் இல்லை, எங்க பார்த்தாலும் புகார் மூட்டம். 9.5 கிலோமீற்றர் நடையும் வீண். பேக்கர் நீர்வீழ்ச்சி மட்டும் பரவாயில்லை.

மேகக்காடு

வீண் என்று மேலே ஒருவர் எழுதியிருப்பதை ஏற்க முடியவில்லை. அந்தப் புகாரில்தான் அந்தக் காடு உயிர் வாழ்கிறது. கூனிக் குறுகிய மரங்களில் பாசி தொங்குகிறதே, அது காற்றிலிருந்தே ஈரத்தைப் பிடித்து நிலத்துக்கு இறக்குகிறது. மகாவலி, களனி, வளவை மூன்றுக்கும் அந்த உயர்நிலத்திலிருந்து நீர் போகிறது. 1988இல் தேசியப் பூங்காவானதும், 2010இல் மத்திய மலைநாட்டோடு சேர்த்து யுனெஸ்கோ உலக மரபுரிமையானதும் பாறை விளிம்புக்காக மட்டும் இல்லை. நான் புகாருக்குள் நடந்தபோதுதான் கறுங்குரங்கின் குரல் தலைக்கு மேலேயே கேட்டது. ஆளைக் காணவில்லை. அடிவயிற்றிலிருந்து உறுமுகிற அந்தச் சத்தம் இப்போதும் காதில் இருக்கிறது.

போகிறவர்களுக்குச் சொல்கிறேன். காட்சி வேண்டுமென்றால் ஜனவரி முதல் மார்ச் வரை போங்கள். முதல் நாள் இரவு நுவரெலியாவிலோ ஓஹியாவிலோ தங்கி, காலை ஆறுக்கெல்லாம் வாசலில் நில்லுங்கள். பாதை பிரிகிற இடத்தில் உலக முடிவுப் பக்கத்தை முதலில் எடுங்கள், நீர்வீழ்ச்சி எங்கும் ஓடிவிடாது. ஒன்பது மணிக்கு மேல் மேகம் ஏறத் தொடங்கும். அந்த மாதங்களில் விடியற்காலை புல்லில் உறைபனி கிடக்கும், பருத்திச் சட்டை மட்டும் போதாது. காற்றைத் தடுக்கிற ஜெக்கட் ஒன்றை மேலே போடுங்கள். ஒன்பது மணி வெயிலில் அதையே கழற்றித் தூக்க வேண்டியும் வரும், பையில் இடம் வையுங்கள். நீர்வீழ்ச்சிக்கு இறங்கும் படி எப்போதும் ஈரம், அடி தேய்ந்த சப்பாத்து வேண்டாம். 2,100 மீற்றருக்கு மேலே மூச்சு வாங்கும், சின்னப் பிள்ளைகளை விரட்டாதீர்கள். சாப்பாட்டை வாழையிலையில் கட்டுங்கள். ரோஜா நிற மலர் பறிக்கத் தோன்றும், பறிக்காதீர்கள்.

தோட்டத்துப் பொண்ணு

மலைநடை அண்ணா, எங்க அம்மாயியும் அந்தக் கீழ்ப் பக்கத்துத் தோட்டம்தான். காலையில வேலைக்குப் பேர் குடுக்கிற பெரட்டுக்குப் போறப்ப பாறை தெளிவாத் தெரிஞ்சா, மழைக்கு இடுப்புல கட்டுற படங்கை மடிச்சே வச்சிருப்பாங்களாம். உச்சி மூடிட்டா எடுத்துக் கட்டிக்குவாங்க, மழை வந்துரும். அந்த அம்மா மேகம் திறக்கும்னு உட்கார்ந்திருந்தது எனக்கு ஆச்சரியமே இல்ல. எப்ப திறக்கும்னு அவங்களுக்குத் தெரியாம வேற யாருக்குத் தெரியும்?

அந்தப் பிள்ளைக்குக் காட்டணும்னா மேலே இருந்துதான் காட்டணும்னு இல்ல. பெலிஹுல்ஓயாப் பக்கமா வந்தா லயத்து வாசல்லயே நின்னு பாறையைப் பார்க்கலாம். லயத்துல இன்னும் ஆளுங்க இருக்காங்க.

மலைநடை

நன்றி தங்கச்சி. அவங்க பேரைக்கூட நான் கேட்கல. உங்க அம்மாயிகிட்ட விசாரிச்சுப் பாருங்க. போன பெப்ரவரி, ஒரு சனிக்கிழமை காலை, நீலச் சேலை, பேரனுக்குப் பத்து வயசு இருக்கும்.