புதுப்பிப்பு: தாமிரபரணி நீரும் ஆக்சிஜன் குழப்பமும்

திருநெல்வேலிப் படித்துறையில் தண்ணீர் பச்சைப் பசேலென்று கிடந்தும் கரைந்த ஆக்சிஜன் ஏன் அவ்வளவு அதிகம் என்று போன வாரம் கேட்டிருந்தேன். தவறு என்னுடையதுதான், நண்பகலில் அளந்திருக்கிறேன். வெயிலில் பாசி ஆக்சிஜனை வெளியிடும், இரவெல்லாம் அதுவே சுவாசித்துத் தீர்த்துவிடும். நேற்று விடியுமுன் போய் மாதிரி எடுத்தேன். ஆக்சிஜனைக் கண்டறியும் மாங்கனீஸ் சல்பேட்டும் கார அயோடைடும் விட்டதும், நண்பகல் புட்டியில் அடர்பழுப்பாக இருந்த படிவு இதில் வெளிறிப்போய் இருந்தது; அதாவது ஆக்சிஜன் குறைவு.

நுண்ணோக்கியில் யூக்ளினா, ஆசிலடோரியா என்ற பாசிகள்தான் மிகுதி. பாசிகளை வைத்து நீரின் மாசை மதிப்பிட பாசி ஆய்வாளர் பால்மர் 1969இல் வகுத்த குறியீட்டில் இரண்டுக்கும் தலா 5 மதிப்பெண். காணப்படும் பேரினங்களின் மதிப்பெண் மொத்தம் 20ஐ எட்டினால் கரிம மாசு அதிகம். மற்ற பேரினங்களை இன்னும் பார்த்து முடிக்கவில்லை. பாசி கெடாமல் இருக்க லூகால் கரைசல் (அயோடின் கரைசல்) விட்ட மாதிரிப் புட்டிகள் பால் விடாத தேநீர் நிறத்தில் அலமாரியில் இருக்கின்றன. அம்மா ஒன்றைத் திறந்து முகர்ந்தேவிட்டார்.