தூக்குப் பாலம் நின்றுபோனால் படகில் இருப்பவர்கள் பாடு: உங்கள் அனுபவத்தை எழுதுங்கள்

தூக்குப் பாலம் பழுதானால் சாலையில் மாட்டிக்கொண்டவர்களின் கதைதான் எப்போதும் செய்தியில் வருகிறது. தண்ணீரில் இருந்து பார்த்தவர்கள் இங்கே எழுதினால் நன்றாக இருக்கும். முதலில் என்னுடையதைச் சொல்கிறேன்.

வேல்ஸ் எல்லையை ஒட்டிய லங்காலன் கால்வாயில் ஒரு வார விடுமுறைக்குக் குடும்பத்தோடு நேரோபோட் எடுத்திருந்தோம். பார்க்காதவர்களுக்காக: இந்தப் படகின் அகலம் 2 மீட்டருக்குக் கொஞ்சம்தான் கூடுதல். எங்களுடையதன் நீளமோ 17 மீட்டர். கால்வாயில் மணிக்கு 4 மைலுக்கு மேல் போகக் கூடாது. 1805-ல் திறந்த பொன்ட்கசுல்டே நீர்ப்பாலத்தின் (கால்வாயையே தூக்கிச் சுமக்கும் பாலம்) மேல், தரையிலிருந்து 38 மீட்டர் உயரத்தில் படகு ஓட்டிப் போக வேண்டும் என்பது பிள்ளைகளின் ஆசை. அதற்காகவே கிளம்பியிருந்தோம்.

இந்தக் கால்வாயின் தூக்குப் பாலங்களில் ஆள் இருக்க மாட்டார்கள். படகில் வருகிறவர்களே இறங்கித் தூக்க வேண்டும். வயலுக்குப் போகும் சின்னப் பாலங்களைக் கைப்பிடி போட்டுச் சுற்றித் தூக்கலாம். வண்டிகள் ஓடும் சாலை என்றால் கரையில் ஒரு கட்டுப்பாட்டுப் பெட்டி இருக்கும். அதில் படகுச் சாவியைப் போட்டுத் திருப்பி, பொத்தானை விடாமல் அழுத்திக்கொண்டே நிற்க வேண்டும். சிவப்பு விளக்கு மின்னும், தடுப்புக் கம்பம் இறங்கும், அப்புறம்தான் பாலம் எழும்பும். பாலம் முழுசாகக் கீழே உட்கார்ந்து, தடுப்பு மேலே போனால்தான் சாவியை வெளியே எடுக்க முடியும். பாதுகாப்புக்காக அப்படி வைத்திருக்கிறார்கள், நல்ல ஏற்பாடுதான்.

எங்களுக்கு முன்னால் ஒரு படகு கடந்தது. சாலையில் வண்டிகள் நிறையச் சேர்ந்துவிட்டதால், ஒரு முறை இறக்கி அவர்களை விட்டுவிட்டு எங்களுக்குத் தூக்கலாம் என்று அந்தப் படகுக்காரரோடு பேசிக்கொண்டோம். பாலம் இறங்கி வந்து, சாலையைத் தொட நாலு விரற்கடை இருக்கும்போது நின்றுவிட்டது. அவர் மனைவி பெட்டியில் விரலை எடுக்காமல் அழுத்திக்கொண்டே இருக்கிறார், எதுவும் அசையவில்லை. தடுப்பு எழவில்லை, சாவி வரவில்லை. முதல் காரில் இருந்தவர் இறங்கி வந்து அந்த அம்மாவிடம் கத்த ஆரம்பித்துவிட்டார். அவர் என்ன செய்வார், பாவம்! பெட்டியில் எழுதியிருந்த எண்ணுக்கு நான் போன் செய்தேன்.

பழுது பார்ப்பவர் வந்ததும் நேராகப் பாலத்தடிக்கு இறங்கி, ஒரு இரும்புக் குழாய் இணைப்பைத் துணியால் துடைத்துக் காட்டினார். துணி முழுக்க எண்ணெய். பாலத்தைத் தாங்கும் ஹைட்ராலிக் அமைப்பில் கசிவு. எண்ணெய் கால்வாயில் பரவாமல் இருக்கத் தண்ணீரில் உறிஞ்சு விரிப்புகளைப் போட்டார். பிறகு கையாலேயே இயக்கிப் பாலத்தை மெல்ல உட்கார வைத்து, பூட்டு ஊசியைச் செருகி, தடுப்புகளைத் தூக்கிவிட்டார். கார்கள் கிளம்பிப் போயின. கத்தியவரும் போனார்.

அவர் எங்கள் பக்கம் திரும்பி, "பாகம் வந்து மாட்டும்வரை இதைத் தூக்க முடியாது" என்றார்.

நான் சொல்ல வருவது இதைத்தான். பாலம் கீழே இறங்கிப் பூட்டப்பட்ட அந்த நிமிஷத்தில் சாலைக்குப் பிரச்சினை தீர்ந்தது. படகுகளுக்கு அப்போதுதான் ஆரம்பம். சாலை திறந்துவிட்டது என்றால் அவசரம் போய்விடுகிறது. காருக்கு மாற்றுவழி உண்டு, கால்வாய்க்கு ஏது? பாலத்துக்கு அந்தப் பக்கம் போக வேண்டிய படகு அங்கேயே கட்டிப்போட்டு நிற்க வேண்டியதுதான்.

திரும்பிப் போகலாமே என்பீர்கள். 17 மீட்டர் படகை அதைவிடக் குறுகலான கால்வாயில் எப்படித் திருப்புவது? அதற்கென்று கரையை உள்ளே குடைந்து வைத்த இடங்கள் ஆங்காங்கேதான் இருக்கும். எங்களுக்குக் கிட்டத்தில் இருந்தது பின்னால் வெகுதூரம் தள்ளி. நேரோபோட்டுக்குப் பின்னோக்கிப் போகும்போது சுக்கான் சொன்ன பேச்சுக் கேட்காது. காற்று வேறு அடித்தது. முன்பக்கம் நாணலுக்குள் போய்ச் செருகிக்கொண்டே இருந்தது. கடைசியில் பின்பக்கக் கயிற்றைக் கரையில் நடந்தபடி நானும் முன்பின் தெரியாத இரண்டு பேரும் இழுக்க, என் மனைவி படகின் மேல் நின்று நீளக் கழியால் கரையிலிருந்து தள்ளிவிட, மகள் முன்னால் ஓடி வளைவில் வேறு படகு வருகிறதா என்று பார்த்துச் சொன்னாள். கயிறு ஈரத்தில் ஊறி உள்ளங்கையை அறுத்துவிட்டது. அந்த இருவரும் தங்கள் படகை விட்டுவிட்டு வந்து உதவினார்கள். என்றைக்கும் மறக்க மாட்டேன்.

எங்களுக்குப் போனது ஒரு விடுமுறை. நீர்ப்பாலம் பார்க்கவில்லை, அவ்வளவுதான். ஆனால் எங்களுக்குப் பின்னால் நின்ற படகில் ஒரு வயதான அம்மா தனியாக, படகையே வீடாக வைத்து வாழ்கிறார். குடிதண்ணீர் பிடிக்கும் குழாயும் கழிவறைத் தொட்டியைக் காலி செய்யும் இடமும் பாலத்துக்கு அந்தப் பக்கம். நிரந்தரத் துறை இல்லாத படகுகள் ஓரிடத்தில் தொடர்ந்து 14 நாளுக்கு மேல் நிற்கக் கூடாது என்று அங்கே 1995-ம் வருஷச் சட்டம் இருக்கிறது. தக்க காரணம் இருந்தால் கூடுதலாக நிற்கலாம்தான். ஆனாலும் அவர் பாலத்தைப் படம் எடுத்து வைத்துக்கொண்டு, யாருக்கு எழுத வேண்டும் என்று என்னிடம் கேட்டார். தண்ணீர் கேனைக் கைவண்டியில் வைத்துப் பாலத்தின் மேல் நடந்தே போய்ப் பிடித்து வந்தோம். அந்த வயதில் தினமும் அவரால் முடியுமா?

* * *

அண்ணே, படித்ததும் பாம்பன் ஞாபகம்தான் வந்தது. எங்கள் சித்தப்பா விசைப்படகில் போகிறவர், சின்ன வயதில் ஒரு தடவை அவரோடு போயிருக்கிறேன். அங்கே படகுக்காரர் பாலத்தைத் தொட முடியாது. துறைமுக அலுவலகத்தில் அனுமதி வாங்கி, பணம் கட்டி, வரிசையில் நங்கூரம் போட்டுக் காத்திருக்க வேண்டும். 1914-ல் திறந்த பழைய ரயில் பாலத்தின் தூக்குப் பகுதி இரண்டு பக்கமும் பிரிந்து மேலே எழும்பும். அப்போதெல்லாம் ஆட்கள் நின்று கையால் நெம்பித்தான் அதைத் திறப்பார்கள். ஒவ்வொருவரும் கம்பியைப் பிடித்துச் சுற்றிச் சுற்றி நடப்பது படகிலிருந்தே தெரியும். திறந்ததும் எல்லாப் படகும் ஒரே நேரத்தில் முண்டக் கூடாது, நீரோட்டம் இழுக்கும், பாறை வேறு.

2022 டிசம்பரில் அந்தத் தூக்குப் பகுதியில் கோளாறு வந்து ரயிலை நிறுத்தியபோது எல்லாரும் ராமேஸ்வரம் போகும் பயணிகளைப் பற்றித்தான் பேசினார்கள். அது நியாயம்தான், மண்டபத்தில் இறங்கி பஸ் பிடிக்க வேண்டியிருந்ததே. ஆனால் சித்தப்பா அன்றைக்கு முதலில் கேட்டது, "அப்போ படகுக்குத் திறப்பாங்களா?" என்றுதான். 2025 ஏப்ரலில் வந்த புதிய பாலத்தில் நடுப்பகுதி மோட்டாரில் அப்படியே செங்குத்தாக 17 மீட்டர் மேலே போகிறது. பழையதுபோல ஆட்கள் நெம்ப வேண்டியதில்லை.

ஒரு சந்தேகம். லண்டனில் ஆற்றுக்குத்தான் முன்னுரிமையாமே, உண்மையா?

* * *

உண்மைதான் தம்பி. டவர் பாலத்தில் சட்டப்படி கப்பலுக்குத்தான் முதல் இடம். 24 மணி நேரத்துக்கு முன்னால் சொல்லிவிட்டால் கட்டணம் இல்லாமல் தூக்கித் தருவார்கள். 1997-ல் அமெரிக்க அதிபர் கிளின்டனின் கார் வரிசையே பாலம் எழுந்ததால் இரண்டாகப் பிரிந்து நின்றது. ஒரு சாதாரணப் பாய்மரப் படகு அப்போது கடந்துகொண்டிருந்தது. ஏற்கெனவே நேரம் குறித்து வாங்கியிருந்தார்கள், அதை மாற்றவில்லை. எனக்கு மிகவும் பிடித்த சம்பவம் இது.

2021 ஆகஸ்டில் அதே பாலம் மேலே எழுந்த நிலையில் மாட்டிக்கொண்டு பல மணி நேரம் இறங்கவில்லை. நியூயார்க்கில் 2024 ஜூலையில் வெயிலில் இரும்பு விரிந்து, ஹார்லெம் ஆற்றின் மேல் உள்ள தேர்ட் அவென்யூ சுழல் பாலம் திறந்தபடி நின்றுவிட, படகிலிருந்து தண்ணீரைப் பீய்ச்சிக் குளிர வைத்தார்கள். இரண்டு இடத்திலும் பாலம் சாலையை மறித்து நின்றது, உலகமே பார்த்தது. கீழே இறங்கி நின்றிருந்தால் யார் பார்த்திருப்பார்கள்?

கால்வாயில் போக நினைப்பவர்களுக்கு: கிளம்பும் முன் அன்றைய அடைப்பு அறிவிப்புகளைப் பாருங்கள். மின்சாரத் தூக்குப் பாலம் வருவதற்கு முன்னாலேயே தண்ணீர்த் தொட்டியை நிரப்பி, கழிவுத் தொட்டியைக் காலி செய்துவிடுங்கள். படகைத் திருப்பும் இடங்களை வரைபடத்தில் குறித்து, அங்கே திருப்பக்கூடிய நீளம் எவ்வளவு என்பதையும் பாருங்கள். வாடகைக்கு எடுக்கும்போதே, வழி அடைபட்டால் பணத்துக்கு என்ன வழி என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். எங்களுக்கு வாய்ப்பேச்சில் ஒன்று சொன்னார்கள், ஒப்பந்தத்தில் வேறு இருந்தது. அந்தத் தொகை விஷயம் இன்னும் முடியவில்லை, முடிந்ததும் இங்கேயே எழுதுகிறேன்.