ஆராதனையில் வாத்தியம் வேண்டுமா?

(கொழும்புப் பக்கத்துக் கிறிஸ்தவர் மூவரின் பேச்சு. பெயருக்குப் பதில் அவரவர் ஊர்.)

ஜிந்துப்பிட்டி: எபேசியர் 5:19 "உங்கள் இருதயத்தில் கர்த்தரைப் பாடிக் கீர்த்தனம்பண்ணி" என்கிறது. கொலோசெயர் 3:16உம் பாடத்தான் சொல்கிறது. அப்போஸ்தலர் காலத்துச் சபை கூடி வாத்தியம் வாசித்ததாக ஓரிடத்திலும் இல்லை. திருச்சபைச் சீர்திருத்தவாதி சுவிங்லியின் சூரிக்கில் 1527இல் ஓர்கனையே உடைத்தெடுத்தார்கள்.

வெள்ளவத்தை: ஐயா, அந்தக் "கீர்த்தனம்பண்ணி"க்குக் கிரேக்க மூலம் 'சாலோ'. நரம்பை மீட்டுவதுதான் அதன் பழைய பொருள். வெளிப்படுத்தல் 5:8இல் மூப்பர் கையில் சுரமண்டலம் என்ற நரம்பு வாத்தியம் இருக்கிறது. சூரிக்கைச் சொல்கிறீர்கள்; அதே சீர்திருத்த மரபில் ஒல்லாந்தர் கட்டி 1757இல் திறந்த நம்முடைய கொழும்பு வொல்வெண்டால் கோயிலில் ஓர்கன் இருக்கிறதே!

ஜிந்துப்பிட்டி: மீட்டவேண்டிய நரம்பு இருதயம் என்று வசனமே சொல்லிவிட்டது. ஆலயத்து வாத்தியம் பலியோடு சேர்ந்தது. 2 நாளாகமம் 29:28 பாருங்கள், சர்வாங்க தகனபலி முடியும்வரைதான் பூரிகை என்ற ஊதுவாத்தியம். பலி நின்றது, வாத்தியமும் நின்றது.

வெள்ளவத்தை: அதே வசனத்தில் பாட்டும் பலி முடியும்வரைதான். பாட்டை மட்டும் ஏன் வைத்துக்கொண்டோம்?

ஜிந்துப்பிட்டி: பாட்டை அப்போஸ்தலர் திரும்பக் கட்டளையிட்டார்கள். வாத்தியத்தை இல்லை.

தெகிவளை: வெறும் குரலில் ஆறு சரணம் பாடினால் சுருதி அரைக் கட்டையாவது (கட்டை என்பது சுருதியின் அளவு) இறங்கும். வரி முடிவில் மூச்சுத் தீர்ந்து கடைசிச் சுரம் தொய்கிறது. அடுத்த சரணத்தைச் சபை அங்கிருந்தே எடுக்கிறது. இதற்கு என்ன வழி?

ஜிந்துப்பிட்டி: சரியான சுருதியை ஊதிக் காட்ட ஒரு பிட்ச் பைப் போதும் தம்பி. ஒரு கட்டையில் எடுத்தால் மேல் ரிஷபம் ('ரி' சுரம்) வரை சபை ஏறும். இரண்டரையில் எடுத்தால் பல்லவிக்கு அடுத்த அனுபல்லவியிலேயே பாதிப்பேர் வாயை மூடிவிடுவார்கள். அதைவிடக் கேடு தானாகத் தாளம் போடும் கீபோர்டின் ரிதம் பட்டன். வரி முடிவில் சபை மூச்சு எடுக்கும், ரிதம் காத்திருக்காது. பின்வாங்கில் இருக்கிற வயதானவர்கள் அடுத்த வரியின் முதற்சொல்லை விட்டுவிடுவார்கள். மூன்றாம் சரணத்தில் கொயர் மட்டும்தான் பாடும்.

வெள்ளவத்தை: ரிதம் விஷயத்தில் நீங்கள் சொல்வது முழுக்கச் சரி. அதை நிறுத்திவிட்டு மெட்டை மட்டும் பிடிக்கச் சொல்லுங்கள். கொயரின் ஸ்பீக்கரையும் மைக்குக்கு முன்னால், சபையைப் பார்த்து வைக்கவேண்டும். பின்னால் வைத்தால் மைக் அதையே வாங்கி ஊளையிடும். ஆனால் கீர்த்தனைக் கவிஞர் தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியார் காலத்திலிருந்து நம்முடைய கீர்த்தனை ராகதாளத்தோடு வந்தது. அதற்கு ஆர்மோனியமாவது வேண்டும்.

ஜிந்துப்பிட்டி: ராகம் என்றால் ஆர்மோனியம் உதவாது. தோடி ராகத்தின் காந்தார சுரம் அதன் எந்த விசையிலும் இல்லை. அசைத்துப் பாடக் குரலால்தான் முடியும்.

வெள்ளவத்தை: வயலினாலும் முடியும் ஐயா. கமகம் என்கிற அந்தச் சுர அசைவு முழுதாக வரும், மைக் இல்லாமல் ஒரு வயலின் சபையின் குரலை மூடவும் மாட்டாது.