இன்ஜெக்டர் ஓ-ரிங் மாற்றிய பின் ஐடில் நிலையாக இல்லை, காலையில் ஸ்டார்ட் ஆகத் தாமதம்

கேள்வி:
4 சிலிண்டர் பெட்ரோல், போர்ட் இன்ஜெக்‌ஷன், ஏர்ஃப்ளோ சென்சார் உள்ள வண்டி. பெட்ரோலைத் தெளிக்கும் இன்ஜெக்டர்களைச் சுத்தம் செய்து, புது ஓ-ரிங் (ரப்பர் வளையம்) போட்டு, அவற்றுக்குப் பெட்ரோல் தரும் குழாயான ஃப்யூயல் ரெயிலைத் திரும்ப மாட்டியதிலிருந்து ஐடில் (ஆக்சிலரேட்டரை மிதிக்காதபோது உள்ள எஞ்சின் வேகம்) 750-க்கும் 1,100 ஆர்பிஎம்முக்கும் இடையில் ஏறி இறங்குகிறது. பி0171 (கலவை லீன், அதாவது காற்றுக்கு ஏற்ற பெட்ரோல் இல்லை) என்ற கோடு வருகிறது. காலையில் ஐந்தாறு நொடி செல்ஃப் அடித்தால்தான் பிடிக்கிறது. பெட்ரோல் வாடை இல்லை. பம்ப் மாற்ற வேண்டுமா?

பதில் 1:
பம்ப்பை இப்போது தொடாதீர்கள். மேல் ஓ-ரிங் ரெயிலில் பெட்ரோலை அடைக்கிறது. அது கசிந்தால் ஈரமும் வாடையும் காட்டிக்கொடுக்கும். கீழ் ஓ-ரிங்கின் வேலை மேனிஃபோல்டுக்குள் (எஞ்சினுக்குக் காற்று போகும் குழாய்) வெளிக்காற்று புகாமல் தடுப்பது. அது சரியாக உட்காராவிட்டால் சென்சார் அளக்காத காற்று உள்ளே போகும், கலவை லீன் ஆகும், வெளியே ஒரு துளியும் தெரியாது.

ஸ்கேனரில் ஃப்யூயல் டிரிம் (எஞ்சின் கணினி பெட்ரோலை எத்தனை சதவீதம் கூட்டுகிறது, குறைக்கிறது என்ற அளவு) பாருங்கள். ஐடிலில் ப்ளஸ் அதிகமாக இருந்து 2,500 ஆர்பிஎம்மில் குறைந்தால் காற்றுக் கசிவு. லோடு ஏற ஏற ப்ளஸ்ஸும் ஏறினால்தான் பெட்ரோல் பற்றாக்குறை. ரெயிலில் கேஜ் மாட்டி, நிறுத்திய பிறகு அழுத்தம் நிற்கிறதா என்றும் பாருங்கள்.

கேள்வி கேட்டவர்:
நன்றி சார். ஐடிலில் +18, 2,500-இல் +4. ஓடும்போது 3.5 பார். நிறுத்திய பத்து நிமிடத்தில் 1 பாருக்குக் கீழே இறங்கிவிடுகிறது. ரெயிலிலிருந்து பெட்ரோலை டேங்குக்குத் திருப்பும் ரிட்டர்ன் லைன் கிடையாது.

பதில் 2:
அப்படியானால் ஐடில் கோளாறு கீழ் ஓ-ரிங்கில்தான். காலைத் தாமதம் வேறு விஷயம்: அழுத்தம் இன்ஜெக்டர் நுனி வழியாகச் சொட்டி இறங்கலாம், டேங்கில் பம்ப்போடு இருக்கும் செக் வால்வ் (பெட்ரோல் பின்னோக்கிப் போகாமல் தடுப்பது) அல்லது ரெகுலேட்டர் (அழுத்தத்தைச் சீராக வைப்பது) வழியாகத் திரும்பலாம்.

காலையில் முதலில் சாவியை இரண்டு முறை ஆன் செய்து, ஒவ்வொரு முறையும் பம்ப் ஓடி நிற்கும்வரை பொறுத்து, பிறகு செல்ஃப் அடியுங்கள். உடனே பிடித்தால் செக் வால்வ் மீதே சந்தேகம். அதில் பலனில்லாமல், ஆக்சிலரேட்டரை முழுதாக மிதித்து அடித்தால் பிடிக்கிறது என்றால் சிலிண்டரில் பெட்ரோல் சொட்டியிருக்கிறது.

எப்படியும் ரெயிலைக் கழற்றப்போகிறீர்கள், அப்போதே நுனியைச் சோதித்துவிடலாம். எஞ்சின் குளிர்ந்திருக்கட்டும். பம்ப் ஃப்யூஸை எடுத்து, எஞ்சின் தானே அணையும்வரை ஓட்டி அழுத்தத்தை இறக்குங்கள். இன்ஜெக்டர், இக்னிஷன் காயில் பிளக்குகளைக் கழற்றி, இன்ஜெக்டர்கள் கிளிப்போடு இருக்கும்படியே ரெயிலைத் தூக்கி, அழுத்தத்தில் பிதுங்காதபடி கம்பியால் இறுகக் கட்டுங்கள். ஃப்யூஸைப் போட்டுச் சாவியை ஆன் மட்டும் செய்யுங்கள். நிமிடத்துக்கு ஒரு துளிக்கு மேல் சொட்டும் இன்ஜெக்டரை மாற்றுங்கள். தீயணைப்பான் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். இதில் சமரசமே கூடாது.

பதில் 1:
மாட்டும்போது: ஓ-ரிங் பெட்ரோலைத் தாங்கும் விட்டான் ரகமாக இருக்க வேண்டும், பழையதை மறுபடி போடாதீர்கள். சுத்தமான எஞ்சின் ஆயில் லேசாகத் தடவினால் போதும், சிலிக்கோன் கிரீஸ் வேண்டாம். மேனிஃபோல்டு துளையில் பழைய ரப்பர் துணுக்கு ஒட்டியிருக்கிறதா என விரலால் தடவிப் பாருங்கள். ரெயிலுக்கு அடியில் வரும் ஸ்பேசர் ஒன்று விட்டுப்போனாலும் ரெயில் சாய்ந்து இன்ஜெக்டர் கோணலாகும். போல்ட்டைக் கையால் பிடிக்கவைத்து, ஒவ்வொரு இன்ஜெக்டரையும் விரலால் லேசாகத் திருகுங்கள். அசையாமல் இறுகி நின்றால் ஓ-ரிங் முறுக்கிக்கொண்டிருக்கிறது, கழற்றி மறுபடி மாட்டுங்கள். எல்லாம் அசைந்த பிறகே டார்க் ரெஞ்சை (போல்ட்டைக் குறித்த அளவுக்கு இறுக்கும் கருவி) எடுங்கள்.